கும்பகோணத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் ஷூ வாங்க ஒரு நல்ல கடை

பாபநாசம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். எங்கள் டீமுக்கு ஷூ, பந்து, ஷின் கார்டு எல்லாமே இந்தக் கடையில்தான் வாங்குகிறேன். மகாமகக் குளத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கடை சின்னது. நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் படியில்தான் நிற்கவேண்டும். இதைவிடப் பெரிய கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். பெண் பிள்ளைக்கு மூன்றாம் நம்பர் ஃபுட்பால் ஷூ என்று கேட்டால், "அஞ்சுலேர்ந்துதான் வரும், பஞ்சு வச்சுப் போட்டுக்கச் சொல்லுங்க" என்று பதில் வரும். இங்கே இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் இருப்பு வைத்திருக்கிறார்கள். இந்தக் கடையைப் பற்றி எழுத எனக்கு அது ஒன்றே போதும்.

கடையை ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். அளவு எடுப்பது அக்காதான். பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்து, காகிதத்தில் இரண்டு காலையும் வைக்கச் சொல்லிப் பென்சிலால் வரைவார். பலருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் ஷூ எடுப்பார். ஆடும்போது போடுகிற அதே சாக்ஸோடு வரவேண்டும். முடிந்தால் சாயங்காலம் வரச் சொல்வார், பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுவார், அதற்கு மேல் விடமாட்டார். "அடுத்த வருஷமும் போடணும், பெருசா குடுங்க" என்று கேட்கிற அப்பாக்களிடம் இந்த விஷயத்தில் அவர் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் கடையை ஒட்டியிருக்கிற சந்தில், "ஓடிட்டு வெடுக்குன்னு திரும்பு பாப்பா" என்பார். திரும்பும்போது குதிகால் ஷூவை விட்டுக் கிளம்பினால் வேறு ஜோடி எடுத்து வருவார்.

அந்தத் திரும்புதல் எவ்வளவு முக்கியம் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க, பிரேசில் வீராங்கனை மார்த்தாவின் ஒரு கோலைப் போனில் போட்டுக் காட்டுவேன். 2007 பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதி, சீனாவில் ஹாங்சோ நகரம், பிரேசிலும் அமெரிக்காவும். மார்த்தா கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பின்னால் ஒட்டி நிற்பவரின் ஒரு பக்கமாகப் பந்தைத் தட்டி அனுப்பிவிட்டு, தான் மறுபக்கமாகச் சுற்றி ஓடிப் பிடிக்கிறார். எதிரே வந்த இன்னொருவரை வெட்டிக் கடந்து, பந்து வலைக்குள். பிரேசில் 4-0 என்று வென்ற ஆட்டம் அது. மார்த்தாவின் உயரம் ஐந்தடி நாலு அங்குலம்தான், எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அவரைவிட உயரம். அண்ணனின் பழைய ஷூவில் பஞ்சு அடைத்துக்கொண்டு யாராலும் அப்படித் திரும்ப முடியாது.

கடைச் சுவரில் மெஸ்ஸி, ரொனால்டோ, சுனில் சேத்ரி எல்லோரும் இருந்தார்கள். பெண் ஒருவர்கூட இல்லை. ஒரு மார்த்தா படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்கார அண்ணன் மறுபேச்சில்லாமல் சேத்ரிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். 2019 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பெனால்டி அடித்துவிட்டு, மார்த்தா தன் ஷூவைச் சுட்டிக்காட்டிய தருணம் அது. அந்த ஷூவில் எந்தக் கம்பெனியின் முத்திரையும் இல்லை. ஆண் ஆட்டக்காரர்களுக்குக் கிடைப்பதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவான தொகைக்கு வந்த ஒப்பந்தங்களை வேண்டாம் என்று விட்டுவிட்டு, நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு சமக்குறியை மட்டும் போட்டுக்கொண்டு ஆடினார். ஷூ கடையில் மாட்ட இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெனால்டியோடு ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் அடித்த முதல் ஆள் ஆனார், ஆண் பெண் இருபாலாரிலும். அடுத்த ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக அடித்தது அவருடைய 17ஆவது உலகக் கோப்பை கோல். ஆண்களில் அதுவரை அதிகம் அடித்திருந்த ஜெர்மனியின் க்ளோஸேவுக்கு 16. இதெல்லாம் இப்போது அக்காவுக்கு மனப்பாடம். "யாரு இது?" என்று எந்தப் பிள்ளை கேட்டாலும், லேஸ் கட்டிவிட்டுக்கொண்டே சொல்கிறார்.

அவர் சொல்லாமல் விடுவதை வேனில் திரும்பி வரும்போது நான் சொல்வேன். பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடச் சட்டத்திலேயே தடை இருந்தது. தடை நீங்கி ஏழே வருஷத்தில், 1986இல், மழை குறைந்த வடகிழக்குப் பகுதியில் தோயிஸ் ரியாச்சோஸ் என்ற சிற்றூரில் மார்த்தா பிறந்தார். ஊரில் பையன்களோடு சேர்ந்து ஆடிப் பழகியவர். பதினாலு வயதில் மூன்று நாள் பஸ்ஸில் பயணம் செய்து ரியோவுக்குக் கால்பந்து அணித் தேர்வுக்குப் போனார். 2004இல் ஸ்வீடனின் உமியோ கிளப். 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து முறை ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை, 2018இல் மறுபடியும். உலகக் கோப்பையை மட்டும் அவர் தூக்கியதில்லை. ஒலிம்பிக்கிலும் 2004, 2008, 2024 என்று மூன்று முறை வெள்ளிதான். பிள்ளைகள் இந்த இடத்தில் முகம் சுருங்கிப்போவார்கள். உடனே தென் அமெரிக்கப் பெண்கள் அணிகளுக்கான 2025 கோப்பா அமெரிக்கா இறுதியாட்டத்தைச் சொல்வேன்: 39 வயது, மாற்று ஆட்டக்காரராக இறங்குகிறார், கொலம்பியா முன்னிலையில் இருக்கிறது, கூடுதல் நிமிடங்களில் சமன் செய்கிறார், கடைசியில் கோப்பை பிரேசிலுக்கு. வேனே அதிரும்.

சரி, ஷூவுக்கு வருவோம். எந்த மைதானம் என்று கேட்காமல் அண்ணன் ஷூவை எடுக்கமாட்டார். எங்கள் டெல்டா மண் களி. சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகக் கிடக்கும். அதில் நீளமான ஸ்டட் (ஷூவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற குமிழ்) உள்ள ஷூ போட்டு ஓடினால் ஸ்டட் மண்ணில் இறங்காது, குதிகாலில்தான் குத்தும். வளர்கிற வயதில், எட்டிலிருந்து பதினாலு வரை, குதி எலும்பு இன்னும் முழுதாகக் கூடியிருக்காது. ஆடுகிற பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வலி எளிதில் வரும். அதனால் சின்னச் சின்ன ரப்பர் மொட்டுகள் நிறைய இருக்கிற டர்ஃப் ஷூவைத்தான் அண்ணன் கொடுப்பார். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் காவிரி மணலில் ஆடுகிற பிள்ளைகளுக்கு, வெறுங்கால் போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியும் இருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு: டர்ஃப் ஷூவில் சேறு அப்பி அடிப்பாகம் வழவழவென்று ஆகிவிடும். அப்போது அகலமான இடைவெளியில் அமைந்த ஸ்டட் வேண்டும். இரண்டு ஜோடி வாங்க வசதியில்லாதவர்களுக்கு டர்ஃப் ஷூவே போதும் என்கிறார், நானும் அதையே சொல்வேன். மழையில் நனைந்தால் வெயிலில் காயப்போடக் கூடாது, பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைக்கவேண்டும்.

விலை எண்ணூறிலிருந்து ஆயிரத்துக்குள். பள்ளிக்கு என்றால் முறையான பில் தருகிறார்கள், கணக்குக் காட்டுவதில் சிக்கல் இல்லை. அடிப்பாகம் பிரிந்தால் கையால் தைத்தும் தருகிறார்கள்.

ஜெர்சி மட்டும் இங்கே வாங்காதீர்கள். முதுகு நம்பர் சில துவைப்பிலேயே உரிந்துவிடுகிறது. ஜூலையில் குறுவட்டப் போட்டி நெருங்கும்போது சின்ன அளவு ஷூக்கள் தீர்ந்துவிடும். ஜூனிலேயே சொல்லி வையுங்கள், ஒரு வாரத்தில் வரவழைத்துவிடுவார்கள். கீப்பர் கையுறையும் பெரியவர்கள் அளவில்தான் இருக்கிறது. எங்கள் கீப்பர் பிள்ளை எட்டாம் நம்பர் உறையைப் போட்டு, மணிக்கட்டில் டேப் சுற்றிக்கொண்டு ஆடுகிறாள். ஐந்தாம் நம்பரைத் தீபாவளிக்குள் வரவழைப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.