பெயர் வெட்டிய மாத்திரையை வாங்காதீர்கள்

காய்ச்சல், உடம்பு வலி என்று கவுன்ட்டரில் நின்று சொன்னால் போதும். மூன்று அட்டைகளிலிருந்து இரண்டிரண்டு மாத்திரைகளைக் கத்தரித்து, ஒரு காகித உறையில் போட்டு, "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று" என்று தந்துவிடுகிறார்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும், பல நேரம் அதுவும் இருக்காது. பில்லும் கிடையாது. பத்தாம் நாள் மார்பிலும் முதுகிலும் சிவந்து பொரிந்ததும் அதே கவுன்ட்டருக்குப் போனால், "சூடு, இல்லாவிட்டால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற பதிலோடு ஓர் அரிப்பு மாத்திரையும் ஒரு களிம்பும் கைக்கு வரும். எந்த மருந்தால் வந்தது என்று கண்டுபிடிக்கத் தேவையான ஒரே தடயம், வெட்டும்போதே உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது.

பத்தாம் நாளா என்று கேட்கலாம். மருந்துத் தடிப்பில் அதிகம் காணப்படும் வகை, மருந்து தொடங்கிய 4 முதல் 14 நாளுக்குள்தான் வரும். உடம்பின் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த மருந்தை எதிரி என்று பழகிக்கொள்ள அத்தனை நாள் ஆகிறது. ஐந்து நாள் மாத்திரையை முடித்துவிட்ட பிறகும் தடிப்பு வரலாம் என்பதால், பழி நேற்றுச் சாப்பிட்டதன்மேல் விழுகிறது. அதே மருந்தை இன்னொரு முறை எடுத்தால் இந்த இடைவெளி ஓரிரு நாளாகச் சுருங்கிவிடும். காணாக்கடி வேறு கதை: மாத்திரை போட்ட சில நிமிடத்திலோ ஓரிரு மணி நேரத்திலோ தடித்துவிடும். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். காணாக்கடியானால் அந்தத் தடிப்பு 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தை விட்டு மறைந்து வேறு இடத்தில் எழும்பும். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ செட்டிரிசின் என்ற அரிப்பு மாத்திரையைப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அங்கே உயிரைக் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதில் முதலிடம் "ஒரே இடத்துத் தடிப்பு"க்குத்தான். உதட்டிலோ விரலிலோ ஆண்குறி முனையிலோ நாணயம் போல வட்டமாக, ஊதா கலந்த சிவப்பில் ஒரு திட்டு வரும். எரியும், சில சமயம் நடுவில் கொப்புளம் எழும்பும். மருந்து நின்றதும் சாம்பல் நிறக் கறையாக அடங்கிவிடும். மாதம் ஒருமுறை தலைவலிக்கு மாத்திரை போடுபவருக்கு மாதம் ஒருமுறை அதே கறை, அதே இடத்தில், சில மணி நேரத்துக்குள் மறுபடி பற்றிக்கொள்ளும். முதல் முறை வந்த டி செல்கள் அந்த இடத்துத் தோலிலேயே தங்கிவிடுவதுதான் காரணம். பிறப்புறுப்பில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்: பால்வினை நோய் என்று முடிவுகட்டி டாக்சிசைக்ளின், மெட்ரனிடசோல் போன்ற ஆன்டிபயாட்டிக் ஒன்றைத் தந்துவிடுவார்கள். கோ-ட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரைகள் ஆகியவற்றோடு இந்த இரண்டும்கூட இதே திட்டை உண்டாக்கக்கூடிய பட்டியலில் உள்ளவை! ஒவ்வொரு முறையும் ஓரிரு புதுத் திட்டுகள் சேர்ந்துகொண்டே போகும்.

உயிருக்கு ஆபத்தான வகை, பார்த்தால் முதல் ஓரிரு நாள் சாதாரணக் காய்ச்சல்தான். தொண்டை வலி, கண் எரிச்சல். பிறகு தோல் சிவக்கும், ஆனால் அரிப்பதைவிட வலிக்கும். உதடு வெந்ததுபோல் உரியும், சிறுநீர் கழிக்கும்போது எரியும். சிவந்த தோலை விரலால் லேசாக அழுத்தித் தள்ளினால் மேல்தோல் நழுவி வரும். 1922-இல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள் விவரித்ததால் அவர்கள் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடற்பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். உரிந்த இடம் பத்து உள்ளங்கைக்குள் இருந்தால் இந்தப் பெயர். முப்பதைத் தாண்டினால் அது வேறொரு பெயரில் அழைக்கப்படும், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறக்கும் நிலை. பெரும்பாலும் மருந்து தொடங்கிய 4 முதல் 28 நாளுக்குள் வருகிறது. ஆபத்தான இன்னொரு வகை இதைவிடத் தாமதம், 2 முதல் 8 வாரம்: முகம் வீங்கி, நெறி கட்டி, ஈரலைப் பாதிக்கும். இந்த வகைகளில் வரும் காய்ச்சலுக்கு இன்னொரு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

இவற்றுக்கு அடிக்கடி காரணமாகும் பெயர்கள்: யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின், பிறகு சல்ஃபா ஆன்டிபயாட்டிக், பைராக்சிகாம் வகை வலி மாத்திரைகள். தெரிந்தவருக்குக் கேட்டது என்று நரம்பு வலிக்குக் கார்பமசெபைனைக் கடன் வாங்கிப் போடுபவர்கள் உண்டு. எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவருக்கு அது தோலை உரிக்கும் அபாயம் பன்மடங்கு. ஆசிய மக்களிடையே அந்த மரபணு அதிகம் என்பதால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் முன்பரிசோதனையை வலியுறுத்தியது. லாமோட்ரிஜினை வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுவார்கள். வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து கூடவே இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், ஏனென்றால் அது லாமோட்ரிஜின் உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதமாக்கும். சில நாள் விட்டுப்போனவர்கள், பழைய சீட்டைக் காட்டி வாங்கி, பழைய முழு அளவிலேயே மறுபடி தொடங்குவது ஆபத்தை விலைக்கு வாங்குவது.

களிம்புக்கு வருவோம். படர்தாமரைக்கு என்று கவுன்ட்டரில் தரப்படும் டியூப் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் 0.05 சதவீதமும் கலந்திருக்கும். அது ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான படியைச் சேர்ந்தது. குளோட்ரிமசோல் பூஞ்சைக்கானது. இரண்டு பெயரும் ஒரே மாதிரி ஒலிப்பதால் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். பூசிய இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடியில் தாராளமாகப் பரவும். வட்டத்தின் விளிம்பு மங்கிப்போவதால் பிறகு பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் தெரியாது. தொடை இடுக்கில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து வரிகள் விழும், அவை போகாது. முகத்துக்குப் பூசவே கூடாது. மருத்துவரே எழுதிக்கொடுத்தாலும் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்பது அதன் சொந்த விதி. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம், இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

ஆகவே, வெட்டித் தந்தால் பெயர் உள்ள பக்கத்தைக் கேளுங்கள். தராவிட்டால் அட்டையைப் போனில் படம் எடுங்கள், பெரிய எழுத்திலிருக்கும் வணிகப் பெயரோடு அதன் கீழே சிறிய எழுத்திலிருக்கும் மூலப்பெயரும் தெரிய வேண்டும். வேறு பெயரில் அதே மருந்தை மறுபடி விழுங்குவது அந்தச் சிறிய எழுத்தைப் பார்க்காததால்தான். தடிப்பு வந்தால் மருந்து தொடங்கிய தேதியையும் தடிப்பு வந்த தேதியையும் எழுதிக்கொண்டு, கடந்த எட்டு வாரத்தில் உள்ளே போன எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள், மூலிகைச் சூரணம் உட்பட. வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம், அதனால் தடிப்பு கண்ட அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். "அதுதானா என்று பார்ப்போம்" என்று வீட்டில் இன்னொரு மாத்திரை போட்டுச் சோதிக்கவே வேண்டாம்.

காரணம் உறுதியானால் மருத்துவரிடம் மூலப்பெயரை எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். "சல்ஃபா அலர்ஜி" என்று மட்டும் எழுதினால் போதாது, எந்தச் சல்ஃபா என்பது வேண்டும். ஃபெரஸ் சல்ஃபேட் இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் ஒற்றுமையைப் பார்த்து அதையும் நிறுத்தி ரத்தசோகையில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள்.