ஹெம்ப் பிரிக்கெட்டில் பாய்லர் ஓட்டுவது: சில குளிர்காலங்களுக்குப் பிறகு

விறகுக்குப் பதிலாக ஹெம்ப் எரிக்கலாம்; இது போதை தராத கஞ்சா வகை, இதன் தண்டை நறுக்கி அழுத்திய கட்டிதான் பிரிக்கெட். ஆனால் குளிர்காலம் முழுக்க வயலிலேயே நின்று, வசந்தத்தில் அறுத்த தண்டா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. எரிபொருளின் தரத்தைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அறுவடைக் காலம்தான்.

சுவீடனில் இதைப் பயிரிட 2003-இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. அங்குள்ள அல்நார்ப்பில் நடந்த வேளாண் ஆய்வுகளில் இலையுதிர்காலத்தில் அறுத்தபோது ஹெக்டேருக்குச் சுமார் 14 டன் உலர்பொருள் கிடைத்தது. வசந்தம்வரை விட்டுவைத்தபோது 10 டன்தான். 4 டன் போகிறதே என்று தோன்றும். பெரும்பாலும் போவது இலையும் நுனியும்தான். கூடவே பொட்டாசியமும் குளோரினும் மழையிலும் பனியிலும் கரைந்து வெளியேறிவிடும். இவை தங்கினால் சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகி எரிதட்டில் கிளிங்கராக, அதாவது கெட்டியான சாம்பல் பாளமாக ஒட்டும், குளோரின் பாய்லர் குழாய்களை அரிக்கும். தண்டின் ஈரமும் 30 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். பச்சையாக அறுத்ததை உலர்த்தச் செலவிட்டால் லாபம் உலர்த்தியிலேயே போய்விடும்.

அடுத்த தலைவலி பட்டை நார். நீளமாக விட்டால் சுழலும் எந்த அச்சிலும் சுற்றிக்கொள்ளும், எரிபொருளைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்க்ரூ கன்வேயர் நின்றுபோகும். 2 முதல் 3 செ.மீ. நீளத்துக்கு நறுக்க வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி நாரை வெட்டாது, பஞ்சாகக் கிழிக்கும். அழுத்தும்போது ஈரம் 10–14 சதவீதம். அதற்கு மேல் போனால் உள்ளே நீராவி அடைத்துக் கட்டி வெடிக்கும். நார் மிகுந்தால் அழுத்தும் எந்திரத்திலிருந்து வெளிவந்ததும் கட்டி உப்பிக் குறுக்கே பிளக்கும். நாரை வேறு வேலைக்குப் பிரித்தெடுத்த உள்தண்டுத் தக்கையில் செய்த கட்டி சுத்தமாக எரிகிறது. குதிரைக் கொட்டிலுக்குப் படுக்கையாக அந்தத் தக்கைக்கு நல்ல விலை கிடைப்பதுதான் சிக்கல்.

வெப்பம் விஷயத்தில் குறையில்லை: உலர்நிலையில் கிலோவுக்கு 18 மெகா ஜூல் அளவில், மரத்துக்குச் சற்றுக் கீழே. சட்டென்று பற்றும், வேகமாகத் தீரும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும்.

சாம்பலில்தான் பொறுமை தேவை. முதல்தர மர பெல்லட் (மரத்தூளை அழுத்திய சிறு உருளைகள்) 1 டன் எரித்தால் அதிகபட்சம் 7 கிலோ சாம்பல். ஹெம்ப்பில் 20 முதல் 30 கிலோ, மண் ஒட்டிய தண்டென்றால் இன்னும் கூடும். வீட்டு பெல்லட் அடுப்பின் சிறிய எரிகிண்ணம் இதைத் தாங்காது. அதில் போடவே வேண்டாம். நகரும் எரிதட்டும் பெரிய சாம்பல் பெட்டியும் உள்ள பாய்லர் என்றால் சரி. கிளிங்கர் தட்டுப்பட்டால் பாதிக்குப் பாதி மரம் கலந்து, தட்டுக்கு அடியில் போகும் காற்றைக் குறைத்து மேல்காற்றைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் அடுக்காதீர்கள். ஈரம் ஏறிய கட்டி ஊதி உதிர்ந்துவிடும். உதிர்ந்த தூள் கன்வேயரை அடைக்கும்.