கனடாப் பெட்டியும் வட்டக்கச்சிக் கரண்டும்: ஆறு வருட அனுபவம்

2019 கடைசியில் ஸ்காபரோவில் வீடு மாறிய மச்சாள், எறிய மனமில்லாமல் ஒரு பெட்டியைக் கப்பலில் போட்டுவிட்டா. தைப்பொங்கலுக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் வட்டக்கச்சிக்கு வந்து சேர்ந்தது. தையல் மெஷின், கேக் அடிக்கிற மெஷின், ரைஸ் குக்கர், டோஸ்டர், மணிக்கூட்டு ரேடியோ. எல்லாவற்றின் முதுகிலும் ஒரே எழுத்து: 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்கள் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஹேர்ட்ஸ் என்பது கரண்ட் ஒரு செக்கனில் எத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்கு.

அந்த எழுத்தை முதல் நாள் ஒருவரும் வாசிக்கவில்லை. சண்டைக் காலத்தில் வன்னியில் வளர்ந்த எனக்கும் இவருக்கும் வோல்ட் என்றால் பற்றரியில் எழுதியிருக்கும் 12 தான். குப்பி விளக்கும் சைக்கிள் டைனமோவும் பழகிய கை. டோஸ்டரின் தட்டைக் கால் எங்கள் பிளக்கில் போகாதென்று இவர் சந்திக் கடையில் ஒரு மாற்றுக்கால் வாங்கி வந்து குத்தினார். பாண் துண்டை வைத்து அமத்தினோம். உள்ளே இருந்த கம்பி சிவந்து, வெளுத்து, "டப்" என்றது. ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டு. மாற்றுக்கால் காலை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல. வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் சூட்டுக் கம்பி இழுக்கும் வாட்ஸ் இரண்டு மடங்கில் நிற்காது, மூன்றரை மடங்கைத் தாண்டும். 800 வாட்ஸ் டோஸ்டர் அந்த ஒரு நொடியில் 2900 வாட்ஸ் அடுப்பாக நின்றிருக்கிறது. அதோடு அதன் கதை முடிந்தது.

பிறகுதான் கிளிநொச்சிக்குப் போய், 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் வாங்கினோம். கடையில் இரண்டு இருந்தன, இரண்டிலும் 1000 வாட்ஸ் என்றுதான் ஒட்டியிருந்தது. விலையில் நல்ல வித்தியாசம். கடைக்கார ஐயா, "எழுத்தைப் பாக்காதேங்கோ தங்கச்சி, ரெண்டையும் தூக்கிப் பாருங்கோ" என்றார். மலிந்தது ஒரு கையில் வந்தது, மற்றதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. உள்ளே இரும்பும் செம்பும் இருந்தால் பாரம் இருக்கும். பாரமானதையே வாங்கினோம். இன்றுவரை உழைக்கிறது. ஆனால் 1000 என்று எழுதியிருந்தாலும் 500க்கு மேல் நான் ஏற்றுவதில்லை. மோட்டர் தொடங்கும்போது ஒரு இழுவை இழுக்கும், அதற்கும் இடம் விடவேண்டும்.

இதை எழுதுவதே தையல் மெஷினுக்காகத்தான். வருட முடிவில் பள்ளிக்கூட யூனிபோம் தைத்துத்தான் என் கைச்செலவு ஓடுகிறது. 100 வாட்ஸ் அளவு இழுக்கிற சின்ன மோட்டர், உள்ளே காபன் கட்டை தேய்ந்து ஓடும் வகை. இந்த வகைக்கு 50 ஹேர்ட்ஸும் ஒன்றுதான், 60ம் ஒன்றுதான். ஆறு வருடத்தில் பெல்ட் ஒரு தடவை மாற்றினேன், காபன் ஒரு தடவை. ஜீன்ஸ் துணியின் நாலு மடிப்பிலும் ஊசி இறங்கும். பிழை விட்டது பல்ப்பில். மெஷினோடு வந்த சின்ன பல்ப் எரிந்துபோக, இங்கே வாங்கியதைப் பூட்டினேன். அது 230க்குச் செய்த பல்ப். 120இல் மின்மினி போலத்தான் எரிந்தது. இப்போது யூஎஸ்பியில் எரியும் ஒரு எல்ஈடி விளக்கைக் கிளிப்பால் கவ்வி வைத்திருக்கிறேன்.

கேக் மெஷினும் அதே வகை மோட்டர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ரைஸ் குக்கர் வேலை செய்யும், ஆனால் அரை மணித்தியாலத்தில் ட்ரான்ஸ்போமர் கை வைக்க முடியாமல் சுடும். இங்கேயே 230 வோல்ட் குக்கர் கிடைக்கும்போது எதற்கு? சூடாக்குகிற சாமான் எதுவும் கப்பல் கூலிக்குப் பெறுமதியில்லை என்பது என் கணக்கு.

மணிக்கூடு மாமியின் அறைக்குப் போனது. முதல் நாள் விடிய கோயிலுக்கு வெளிக்கிட எழும்பிய மாமி, "இன்னும் நேரமிருக்கு" என்று திரும்பப் படுத்துவிட்டா. பூசை முடிந்துவிட்டது. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹேர்ட்ஸைத் தொடாது. கரண்டின் 60 துடிப்பை ஒரு செக்கனாக எண்ணும் மணிக்கூடு, இங்கே 50 துடிப்பில் மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்தும். நாளைக்கு நாலு மணித்தியாலம். "அது இன்னும் கனடா நேரத்திலதான் நிக்குது" என்று மாமி பகிடி விட்டா. கணக்குப் பார்த்தால் அதிலும் உண்மை இருக்கிறது: ஓடவிட்டால் இரண்டரை நாளும் மூன்று மணித்தியாலமும் கழிய, பத்தரை மணித்தியாலம் பின்தங்கி, குளிர்கால ரொறொன்ரோ நேரத்தைச் சரியாகக் காட்டிவிட்டுப் போகும். ரேடியோ மட்டும் நன்றாகப் பாடுகிறது.

இதே 60 ஹேர்ட்ஸ்தான் மைக்ரோவேவுக்கும் வினை. அதன் உள்ளே இருக்கும் இரும்பு 60க்கென்று அளந்து செய்தது, 50இல் அளவுக்கு மீறிச் சுடும். தெரிந்த ஒருவர் கொண்டுவரக் கேட்டபோது வேண்டாம் என்றேன். போன், லப்டொப் சார்ஜருக்கு இந்தக் கவலையே இல்லை. 100–240, 50/60 என்று எழுதியிருந்தால் நேரே குத்தலாம். லண்டன் சாமானும் நேரே குத்தலாம், அங்கேயும் 230, 50 தான். ஜேர்மன், பிரான்ஸ் சாமானுக்கு வோல்ட் சரி, கால்தான் வேறு. அதை எங்கள் பிளக்கின் மேல் ஓட்டைக்குள் பேனை மூடியை விட்டுக் குத்துகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கோ. எர்த்தும் இருக்காது, தளர்ந்து ஆடிப் பொறியும் பறக்கும்.

ஊர்க் கரண்டையும் சொல்லவேண்டும். லைனின் கடைசி வீடுகளில் நாங்களும் ஒன்று. சிறுபோகத்தில் எல்லாரும் தண்ணீர் மோட்டர் போடுகிற பின்னேரங்களில் 190க்கு இறங்கும், ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் நூறுகூட வராது. மெஷின் முக்கும். அந்த நேரம் வெட்டுகிற வேலையைப் பார்ப்பேன். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினபோது இரவு ஒரு மணிக்கும் எழும்பித் தைத்திருக்கிறேன். அப்போது பழகியது ஒன்று: கரண்ட் போனதும் ட்ரான்ஸ்போமரைக் கழற்றிவிடுவது, வந்து பத்து நிமிடம் கழிய மாட்டுவது. 2025 மாசியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் செய்தேன். வேலை இல்லாத நேரமும் சுவர் சுவிட்சை நிறுத்திவிடுவேன். சும்மா நின்றாலும் "உம்" என்று முனகிக்கொண்டு யூனிட் தின்னும்.

போன கிழமை மச்சாள் திரும்பவும் பெட்டி கட்டுகிறாவாம். தலைமுடி காய வைக்கிற மெஷினின் படம் அனுப்பியிருந்தா. முதுகைப் படம் எடுத்துப் போடச் சொன்னேன். 1875 வாட்ஸ். "தலை வெயிலில காயும் மச்சாள், தையல் மெஷினுக்கு ரெண்டு பல்பும் ஒரு பெல்ட்டும் வையுங்கோ" என்று பதில் போட்டேன்.