தொட்டிக்குளம்: எந்தத் தொட்டி, அல்லியா தாமரையா, மீன் விடலாமா?

தோட்டத்தின் ஒரு மூலையில் தொட்டி வைத்து அதைச் சிறு குளமாக்க விரும்புபவர், தொட்டியை வாங்கும் முன்பே நான்கு கேள்விகளுக்கு விடை கண்டிருக்க வேண்டும்: தொட்டி எதனால் ஆனதாக இருக்க வேண்டும், அதில் எந்த நீரை ஊற்றுவது, அல்லியா தாமரையா, மீன் விடுவதா வேண்டாமா. இவை தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் ஒன்றின் விடை மற்றொன்றைக் கட்டுப்படுத்துகிறது. நான் சாய்வது எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓரளவு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, மழைநீர், குட்டை அல்லி, முதல் சில மாதங்களுக்கு மீன் இல்லாத நீர்.

எந்தத் தொட்டியானாலும் ஆழமே முதலில் பார்க்க வேண்டியது. 60 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. நீராழமும் கொண்ட வட்டத் தொட்டி ஏறக்குறைய 113 லிட்டர் கொள்ளும். வெயில் நாளொன்றில் 5 மி.மீ. நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் அதன் நீரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே போகும்; 15 செ.மீ. ஆழமுள்ள உருளியிலோ அதே வாரத்தில் கால் பங்கு நீர் காணாமல் போய்விடும். எஞ்சிய நீரில் உப்பும் கழிவும் செறிகின்றன. பகலில் சீக்கிரம் சூடாகி இரவில் சீக்கிரம் குளிர்வதும் அந்த ஆழமற்ற நீர்தான். அழகான உருளிக்கும் அழகில்லாத ஆழத்தொட்டிக்கும் இடையே தயங்குபவர்களுக்கு நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். 113 லிட்டர் நீரின் எடை 113 கிலோ; மண்ணும் கல்லும் சேர்ந்தால் இன்னும் கூடும் என்பதால், மாடியில் வைப்பவர்கள் தளத்தின் தாங்குதிறனை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

சிமெண்ட் தொட்டி உறுதியானது, காற்றுக்கு அசையாது, தடித்த சுவரால் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடுகிறது. ஆனால் புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு நீரில் கரைந்து அதன் காரத்தன்மையைக் கூட்டுகிறது. என் முதல் குளம் சிமெண்ட் தொட்டியில்தான் அமைந்தது. இரண்டு நாள் நீர் ஊற்றி வைத்துக் கொட்டியது போதும் என்று எண்ணி ஆறு கப்பி மீன்களை விட்டேன். நான்காம் நாள் காலையில் உட்சுவரில் வெள்ளைப் படலம் படிந்திருந்தது; ஆறு மீன்களும் செத்து மிதந்தன. பரிசோதனைத் தாளை நனைத்துப் பார்த்தபோது பி.எச். அளவு (7-க்கு மேல் போகப்போக நீரில் காரம் கூடுகிறது என்று பொருள்) 9-க்கு மேல் காட்டியது.

இதன் காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுதான் மீனுக்குக் கடும் நஞ்சு. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அந்த நச்சு வடிவம் இருக்கும்; பி.எச். 9 ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்படி மாறிவிடும். காரமே மீனுக்குத் துன்பம். அதோடு, தாங்கக்கூடியதாக இருந்த கழிவையும் அது நஞ்சாக்கிவிடுகிறது. ஆகவே சிமெண்ட் தொட்டியை விரும்புபவர்கள் அதைப் பல வாரங்கள் நீர் நிரப்பிக் கொட்டி, பி.எச். இறங்கி நிலைத்த பிறகே உயிர்களை விட வேண்டும். இல்லையேல் குளங்களுக்கென விற்கும் எபாக்சி பூச்சை உட்புறம் பூசி நன்றாக உலர்த்த வேண்டும்.

பிளாஸ்டிக் தொட்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. உணவுப்பொருள் வைக்கத் தகுந்த தரமுள்ள தொட்டியை வாங்கிய அன்றே கழுவி நிரப்பலாம். வெயிலில் ஆண்டுக்கணக்கில் காய்ந்தால் நொறுங்கத் தொடங்குவதும், கருநிறத் தொட்டி வெப்பத்தை வாங்கிக்கொள்வதும் அதன் குறைகள். பாதியளவு மண்ணில் புதைத்து வைத்தால் இரண்டும் பெருமளவு தணிகின்றன. புதைத்த தொட்டியின் நீர் பகலுக்கும் இரவுக்கும் இடையே அவ்வளவாக ஏறி இறங்குவதில்லை. மெருகிடாத சுட்ட மண் தொட்டி நீரைக் கசியவிடும், உறைபனி விழும் இடங்களில் வெடிக்கும். உட்புறம் மெருகிட்டது கசியாது. மரப்பீப்பாய்க்குள் விரிப்பு போடாமல் நீர் ஊற்றக் கூடாது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களையும் துத்தநாகம் பூசிய தகர வாளிகளையும் விட்டுவிடலாம். செம்பும் துத்தநாகமும் நத்தைக்கும் மீனுக்கும் கேடு செய்யும்.

நீரைப் பொறுத்தவரை மழைநீருக்கே என் ஓட்டு. ஆவியாகும் நீர் தன்னிலுள்ள உப்பைக் கொண்டுபோவதில்லை. ஆகவே கடினநீரையே ஊற்றி ஈடுசெய்துகொண்டிருந்தால் தொட்டியின் உப்பு மாதத்துக்கு மாதம் கூடும். குழாய்நீரில் குளோரின் மட்டும் கலந்திருந்தால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தாலே பெரும்பகுதி போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் அவ்வாறு போகாது. அதற்குரிய நீக்கியைச் சேர்க்க வேண்டும்.

அல்லிக்கும் தாமரைக்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போது பூவைப் பார்க்காமல் இலையைப் பாருங்கள். அல்லியின் இலை நீரின்மேல் படிந்து மிதப்பதால் நீருக்கு நிழல் தருகிறது. நிழல் விழுந்த நீரில் பாசி குறைகிறது, சூடும் குறைகிறது. தாமரையின் இலை தண்டின்மேல் உயர்ந்து நிற்பதால் அந்த உதவி அவ்வளவாகக் கிடைப்பதில்லை. தாமரைக் கிழங்கு பக்கவாட்டில் ஓடிக்கொண்டே போகும். சதுரத் தொட்டியின் மூலையில் அதன் நுனி முட்டிக்கொண்டால் வளர்ச்சி தடைப்படும் என்பதால் அதற்கு அகன்ற வட்டத் தொட்டியே ஏற்றது. நடும்போது அந்த நுனி ஒடிந்துவிட்டால் கிழங்கே வீணாகலாம். குட்டை அல்லியோ ஒரு சிறு சட்டிக்குள் அடங்கும். சட்டியின் மேல் 15 முதல் 30 செ.மீ. நீர் நின்றால் போதும். இரண்டுக்கும் தினமும் ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இன்றியமையாதது. இரண்டையும் கனமான களிமண்ணில் நட்டு மேலே சரளைக்கல் பரப்ப வேண்டும். பூந்தொட்டிகளுக்கு என விற்கும் இலேசான மண்கலவை நீரில் மிதக்கும், சத்தை நீரில் விட்டுப் பாசியை வளர்க்கும். பெரிய பூ ஒன்றுக்காக ஒரு தொட்டியையே முழுதாகக் கொடுக்க மனமிருப்பவருக்குத் தாமரை. குளம் முழுவதும் உயிரோட்டமாக இருக்க விரும்புபவருக்கு அல்லி.

இவற்றுக்குத் துணையாக நீருக்கு அடியில் வளரும் ஹைட்ரில்லா போன்ற செடிகளை விடுவதா, ஆகாயத்தாமரை (பிஸ்டியா) போன்ற மிதவைச் செடிகளை விடுவதா என்றால், சிறிய தொட்டியில் இரண்டும் கொஞ்சம் வேண்டும். மிதவைச் செடி நீரிலுள்ள சத்தை வேகமாக உறிஞ்சும். ஆனால் பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூடவிடக் கூடாது. அள்ளி எடுத்ததை எருக்குழியில் போடுங்கள். ஏரியிலோ கால்வாயிலோ ஒருபோதும் விடாதீர்கள். நீர்நிலைகளை மூடி மூச்சடைக்க வைத்திருக்கும் வெங்காயத்தாமரை பல நாடுகளுக்கு அழகுச் செடியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

இனி மீன். மீன் விடச் சொல்பவர்களின் முதன்மையான வாதம் கொசு. அது நியாயமான வாதம்தான். வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாட்களே ஆகும். நான்கைந்து கப்பி மீன்கள் அந்தப் புழுக்களைத் தின்றே தீர்த்துவிடும். ஆயினும் கப்பி சுமார் ஒரு மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். சில மாதங்களில் தொட்டி நிரம்பிவிடும். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையுமானால், 30 டிகிரியில் ஏழரைதான். இரவில் செடிகளும் ஆக்சிஜனைச் செலவழிப்பதால் விடியலுக்குச் சற்று முன் அது மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில் விளக்கோடு போய்ப் பாருங்கள்: மீன்கள் மேற்பரப்பில் வாயை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் தொட்டியில் மீன் மிகுதி என்று பொருள். கழிவிலுள்ள அம்மோனியாவைக் கேடு குறைந்ததாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முதல் நாளே மீன் விடுவது அந்த மீன்களுக்குச் செய்யும் கொடுமை என்றே நான் கருதுகிறேன். தங்கமீனுக்கு இந்த அளவுத் தொட்டி எப்போதுமே போதாது.

மீன் இல்லாத குளத்தில் கொசுவை அடக்க, மருந்தாக உறையிலிட்டு விற்கப்படும் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா உதவுகிறது. 1976-இல் இஸ்ரேலில் கண்டறியப்பட்ட இது கொசுப்புழுவின் குடலைத் தாக்கும். தலைப்பிரட்டைக்கும் தட்டானுக்கும் தீங்கு செய்யாது. புழு அதைத் தின்றால்தான் சாகும். காற்புள்ளி போல வளைந்து, தொட்டால் குட்டிக்கரணம் போட்டுக் கீழே போகும் கூட்டுப்புழு எதையும் தின்னாது என்பதால் அதன்மேல் இம்மருந்து பலிக்காது. ஆகவே உறையில் குறிப்பிட்ட இடைவெளி தவறாமல் இட வேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாதவர், தொட்டி முதிர்ந்த பிறகு நான்கைந்து ஆண் கப்பிகளை மட்டும் விடுவதே நல்லது. கொசு ஒழிப்புக்கென்று கம்பூசியா மீனைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. அது தப்பிப் போன பல இடங்களில் உள்ளூர் மீன்களுக்கும் தவளைகளுக்கும் கேடு செய்திருப்பதால் அதை நான் தொடமாட்டேன்.

மீன் விடாதவருக்குக் கிடைப்பது வேறொன்று. மீன்கள் தலைப்பிரட்டையையும் தட்டானின் இளம்பூச்சியையும் தின்றுவிடும். மீனில்லாத நீரில் அவை பிழைக்கின்றன. ஒருநாள் காலை அல்லிச் சட்டியின் அருகே செருகியிருந்த குச்சியில், முதுகு பிளந்து வெறும் கூடாக ஒட்டியிருந்த தட்டானின் தோலைக் கண்டேன். அதற்கு ஒரு விரற்கடை மேலே, இறக்கை இன்னும் முழுதாக விரியாத தட்டான் வெயிலுக்காகக் காத்திருந்தது. அந்த இளம்பூச்சி நீருக்குள் இருந்த காலமெல்லாம் கொசுப்புழுவையும் தின்று வளர்ந்திருக்கும். இதற்காகவே நீருக்கு மேலே நீட்டியிருக்கும் குச்சி ஒன்றும், விழுந்த உயிர்கள் ஏறிவரச் சாய்வான கல் ஒன்றும் வையுங்கள். நீரூற்று மோட்டாரைத் தவிர்ப்பதும் நல்லது: இலைமேல் ஓயாமல் நீர் தெறிப்பதை அல்லி விரும்பாது.

முதல் சில வாரங்களில் நீர் பச்சையாக மாறினால் கொட்டிவிட்டுப் புதுநீர் நிரப்பாதீர்கள். குழாய்நீரும் கிணற்றுநீரும் புதுச் சத்தைக் கொண்டுவந்து பாசியை மீண்டும் வளர்க்கும். செடிகள் வேர்பிடித்துப் பரப்பை மூடியதும் நீர் தானாகத் தெளியும். நூல்பாசியைக் குச்சியில் சுற்றி எடுக்கலாம். மஞ்சளாகும் அல்லி இலையை நீருக்குள் அழுகுவதற்கு முன் தண்டோடு கிள்ளி எடுத்துவிட வேண்டும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, குழந்தையின் எடையைத் தாங்கும் கம்பிவலைத் தட்டைப் பொருத்திய பிறகே தொட்டியில் நீர் ஊற்றுங்கள். வலைக்கண் வழியாக அல்லி இலை மேலே வந்துவிடும்.