“புதிய அச்சு” என்று சொல்லித் தேய்ந்த அச்சை என் தலையில் கட்டிவிட்டார்கள். மாடல் விமானம் வாங்குகிறவர்கள் படியுங்கள்

நேற்று இரவு கடைசிக் கதவும் சாத்தப்பட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் நானும் ‘போனது போகட்டும்’ என்று இருந்துவிடுவேன். போனது என் ஐந்து மாதச் சேமிப்பு.

வாங்கியது 1/48 அளவில், அதாவது நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்காக, ஒரு மஸ்கிட்டோ விமானக் கிட் (பிளாஸ்டிக் பாகங்களை நாமே ஒட்டிச் சேர்ப்பது). மஸ்கிட்டோ என்பது இரண்டாம் உலகப் போரில் பறந்த, இரண்டு மெர்லின் எஞ்சின் பூட்டிய மர விமானம். 1940 நவம்பர் 25 அன்று முதன்முதலில் பறந்தது. மொத்தம் 7,781 செய்தார்கள். அதில் ஒன்றை நானும் செய்துவிட வேண்டும் என்பது பல வருட ஆசை. முடித்தால் இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 34 சென்டிமீட்டர் வரும். அலமாரியில் அதற்கென்று இடம்கூட ஒதுக்கிவிட்டேன்.

பொழுதுபோக்குப் பொருள்களைத் தனி ஆட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் பார்த்தேன். பெட்டி பளபளவென்று இருந்தது. பெட்டி புதிதாக இருந்தால் உள்ளே இருப்பதும் புதிது என்று அர்த்தமில்லை. பல வருடம் ஓடித் தேய்ந்த எஃகு அச்சில் இன்றைக்குப் பிளாஸ்டிக் பாகங்களை வார்த்துவிட்டு, புதுப் படம் போட்ட பெட்டியில் வைத்து விற்கலாம். இது எனக்கும் தெரியும். அதனால்தான் பணம் கட்டுவதற்கு முன்பே நேராகக் கேட்டேன்: “இது புதிய அச்சா, பழைய அச்சா? உடம்பின் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்துமா?”

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. “புதிய அச்சுதான் சார். நானே ஒன்று செய்திருக்கிறேன். புட்டியைத் தொடவே இல்லை.” (புட்டி என்பது இடைவெளியை அடைக்கும் பூச்சு.) கூடவே ஒரு படம்.

அந்தப் படத்தைத்தான் நம்பினேன். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் மயிரிழைகூட இடைவெளி இல்லை. எஞ்சின் கூடுகள் இறக்கையிலிருந்தே முளைத்த மாதிரி உட்கார்ந்திருந்தன. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தன் கையால் செய்தேன் என்கிறார், கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொல்கிறார். இதற்கு மேல் ஒருவரிடம் என்ன கேட்பது? கட்டிவிட்டேன்.

பெட்டியைத் திறந்ததுமே நெஞ்சு திக்கென்றது. பாகங்களின் ஓரமெல்லாம் ஃபிளாஷ், மெல்லிய சவ்வு போல. அச்சின் இரண்டு பாதிகளும் விளிம்பில் தேய்ந்து, இறுக்கமாக மூடாமல் போனால்தான் உருகிய பிளாஸ்டிக் அப்படிக் கசியும். மேற்பரப்புக் கோடுகள் பள்ளமாக இல்லை, மேடாக இருந்தன. அதுவும் பழைய அச்சுகளில்தான் அதிகம். இறக்கையின் உள்பக்கத்தில் அச்சிலேயே பதிந்த ஆண்டு ஒன்று இருந்தது. பெட்டியில் போட்டிருந்த ஆண்டுக்கு அது எவ்வளவோ முந்தையது.

சரி, பொருந்தினால் போதும் என்று உடம்பின் இரண்டு பாதியை மட்டும் வெட்டி எடுத்து, ஃபிளாஷைச் சுரண்டி, பசை இல்லாமல் சேர்த்துப் பார்த்தேன். மூக்கைச் சேர்த்தால் வாலில் ஒரு பாதி 2 மில்லிமீட்டர் நீண்டு நிற்கிறது. 1/48 அளவில் 2 மில்லிமீட்டர் என்றால் நிஜ விமானத்தில் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர்! இறக்கையை வைத்தால் இடது பக்கம் விரல் நகம் போகும் அளவுக்குச் சந்து. கேனப்பி, அதாவது விமானி அறையின் கண்ணாடி மூடி, உடம்பைவிடக் குறுகல். வளைந்த இறக்கையை வெந்நீரில் காட்டி நிமிர்த்திவிட்டேன், அது முடியும். நீளத்தை எந்த வெந்நீர் சரிசெய்யும்?

இதில் எனக்கு இன்னொரு வலி. நிஜ மஸ்கிட்டோவின் உடம்பையும் இடது வலது என்று இரண்டு பாதியாகத்தான் அச்சில் வளைத்தார்கள். பால்சா மரத்தை நடுவில் வைத்து, இருபுறமும் ஒட்டுப்பலகை வைத்து, கடைசியில் நடுக்கோட்டில் ஒட்டினார்கள். மேசை நாற்காலி செய்த தச்சர்கள் பிசிறில்லாமல் செய்த வேலை அது. மேலே துணி ஒட்டிச் சாயம் பூசியதால் உடம்பு வழவழவென்று இருக்கும். உலோக விமானம் என்றால் தகட்டுக் கோடு, ஆணி வரிசை என்று ஒட்டிய இடத்தை மறைக்க ஏதாவது இருக்கும். இதில் ஒளிக்க இடமே இல்லை. பிளாஸ்டிக் சிமெண்டும் இங்கே உதவாது. அது கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒன்றோடொன்று உருக வைப்பது. இரண்டு பக்கமும் தொட்டால்தானே உருகிச் சேரும்.

மூன்றாம் நாளே விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். “புதிதாகச் செய்கிறவர்களுக்கு இப்படித்தான் தோன்றும் சார், டேப் போட்டு இறுக்குங்கள்” என்றார். பதினைந்து வருடமாகச் செய்கிறேன் என்று சொன்னதும் குரல் மாறியது. தயாரிப்பாளரிடம் மாற்றுப் பாகம் கேட்டிருக்கிறாராம், பத்து நாள் பொறுக்க வேண்டுமாம். பொறுத்தேன். அப்புறம் “இன்னும் இரண்டே நாள்” என்றார். அதையும் பொறுத்தேன். பதினாறாம் நாள் வந்த பதில்: “பாகங்களை வெட்டிவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது.” அந்தச் சந்தையில் பொருளைத் திருப்பி அனுப்பப் பதினான்கு நாள்தான் அவகாசம். எதற்காகப் பத்து நாள், இரண்டு நாள் என்று இழுத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

சந்தைக்காரர்களிடம் நான்கு முறை முறையிட்டேன். நான்கு முறையும் எழுத்து மாறாமல் ஒரே பதில், காலம் முடிந்தது என்று. நேற்று இரவு புகாரையும் மூடிவிட்டார்கள்.

நடுவில் ஒன்று நடந்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. “உடம்பு நீளத்தைச் சரிசெய்ய ரெசின் செட் (தனியாக வார்த்த மாற்றுப் பாகங்கள்) ஒன்று என்னிடம் இருக்கிறது, உங்களுக்குக் குறைத்துத் தருகிறேன்” என்று அவரே எழுதினார். குறை இன்னதென்று தெரிந்து, அதற்கு மாற்றும் கையில் வைத்துக்கொண்டுதான் “புட்டியைத் தொடவே இல்லை” என்றிருக்கிறார். அந்தப் படத்தையும் தேடிப் பிடித்தேன். வேறொரு நிறுவனத்தின் கிட்டில், வேறு யாரோ செய்தது. என் ஐந்து மாதச் சேமிப்பு ஒரு திருட்டுப் படத்துக்குப் போயிருக்கிறது.

ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அவ்வளவு நிதானம் இல்லை. பெட்டிப் படத்தையும் செய்து முடித்த படத்தையும் நம்பாதீர்கள். ஸ்ப்ரூவின் (வெட்டாத பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின்) படத்தைக் கேளுங்கள், அன்றைய தேதி எழுதிய தாளோடு. ஓரத்தில் ஃபிளாஷ் தெரிகிறதா, கோடுகள் மேடா பள்ளமா என்று பாருங்கள். பையைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். “பத்து நாள் பொறுங்கள்” என்று யாராவது சொன்னால் அன்றைக்கே திருப்பி அனுப்ப விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்று காலை பார்த்தால் அதே படம், அதே பெட்டி, “கடைசி ஒன்று மட்டும், புதிய அச்சு” என்று மறுபடி போட்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் வாங்கிவிடாதீர்கள்.