ஜி1 கிளைமாக்ஸ்: யார் ஜெயித்தார் என்பதைத் தாண்டி

ஜப்பானிய மல்யுத்தம் பார்க்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஜூலை வரட்டும். ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் நடக்கும் பெரிய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு நுழைகிறவர்கள்தான் அதிகம். அது திருவிழா, விளக்கும் கூட்டமும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அங்கே மோதுகிறவர்கள் யார், ஏன் மோதுகிறார்கள் என்று ஒன்றும் புரியாது. அதெல்லாம் புரிய வேண்டுமென்றால் கோடையில் நடக்கும் ஜி1 கிளைமாக்ஸ்தான் சரியான வாசல். நான் 2017-ல் அந்த வாசல் வழியாக நுழைந்தேன். இன்னும் வெளியே வரவில்லை.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. அன்டோனியோ இனோகி 1972-ல் தொடங்கிய நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் நிறுவனத்தின் லீக் போட்டி இது. 1991-ல் எட்டுப் பேருடன் ஆரம்பமானது. முதல் வருடம் மசாஹிரோ சோனோ ஜெயித்தார். ஜெயித்தால் 2 புள்ளி, டிரா ஆனால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. ஆட்களை பிளாக் என்ற குழுக்களாகப் பிரிப்பார்கள், ஒரு பிளாக்கில் எல்லோரும் எல்லோருடனும் ஆட வேண்டும். பத்துப் பேர் என்றால் ஆளுக்கு ஒன்பது ஆட்டம். ஒரு மாதம் ஊர் ஊராகப் போய் ஆடி முடிக்க வேண்டும்.

முடிவு முன்பே தீர்மானித்ததுதானே, அதற்கு எதற்குப் புள்ளிக் கணக்கு என்று கேட்பார்கள். ஆமாம், தீர்மானித்ததுதான். தெருக்கூத்தில் துரியோதனன் விழப்போகிறான் என்று ஊருக்கே தெரியும். விடியும்வரை உட்கார்ந்துதானே பார்க்கிறோம். புள்ளிக் கணக்கு அந்த உட்கார்தலுக்கு ஒரு காரணம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எப்படி என்பதற்கு 2017 பி பிளாக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அப்போது சாம்பியன் கசுச்சிகா ஒக்காடா. அவருக்கும் கென்னி ஒமேகாவுக்கும் அந்த ஜனவரியில் டோக்கியோ டோமில் ஒரு ஆட்டம், ஒக்காடா ஜெயித்தார். ஜூனில் ஒசாகாவில் இன்னொன்று, முழுதாக 60 நிமிடம் ஆடி டிரா. ஆகஸ்டில் இருவரும் ஒரே பிளாக்கில். ஒசாகாவில் ஈவில் என்கிற ஆள் ஒக்காடாவை வீழ்த்தினார். சில நாள் கழித்து மினோரு சுசுகியுடன் 30 நிமிடம் ஆடி டிரா. அந்த டிராவில் கிடைத்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்தபோது அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கடைசி நாள் கணக்கைப் போட்டபோதுதான் புரிந்தது: ஒக்காடா 13, ஒமேகா 12. அன்று மோத வேண்டியது இவர்கள் இருவரும், பிளாக்கில் முதலில் நிற்பவருக்குத்தான் இறுதி ஆட்டம். டிரா ஆனாலே ஒக்காடா இறுதிக்குப் போய்விடுவார். 60 நிமிடத்தில் ஒருவரை ஒருவர் வீழ்த்த முடியாத இரண்டு பேருக்கு இப்போது இருப்பது 30 நிமிடம்தான், அதில் ஒருவருக்கு டிராவே போதும்.

அந்த ஆட்டத்தில் கடிகாரமே மூன்றாவது ஆள். ஜப்பானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் நேரம் சொல்வார், ‘பதினைந்து நிமிடம் கடந்தது’ என்பதுபோல. மற்ற ஆட்டங்களில் அது காதில் விழாது. அன்றைக்கு ஒவ்வொரு அறிவிப்புக்கும் ரியோகோகு அரங்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒக்காடா கழுத்தில் பட்டையாக டேப் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒமேகா அந்தக் கழுத்தையே குறிவைத்து 25 நிமிடத்துக்குள் முடித்தார். மறுநாள் இறுதி ஆட்டத்தில் டெட்சுயா நைட்டோவிடம் ஒமேகா தோற்றார் என்பது வேறு கதை. ஈவிலுக்கோ, சாம்பியனை லீக்கில் ஜெயித்த காரணத்தால் அக்டோபரில் பெல்ட்டுக்கு, அதாவது சாம்பியன் பட்டத்துக்கு, ஆடும் வாய்ப்பு வந்தது. இதனால்தான் நடுவில் வரும் சாதாரண ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள் என்று சொல்கிறேன்.

பார்க்கும் வசதியைப் பற்றி. நியூ ஜப்பான் வேர்ல்டு என்ற அவர்களுடைய சொந்த ஸ்ட்ரீமிங் சேவை 2014 டிசம்பரில் வந்தது. அப்போது மாதம் 999 யென். ஜப்பான் நேரம் மாலை 6:30 என்றால் நமக்குப் பிற்பகல் 3 மணி. வேலைக்குப் போகிறவர்கள் வார நாட்களில் நேரலை பார்க்கவே முடியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான். அதுவரை சமூக வலைத்தளம் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மல்யுத்தக் கணக்குகளை ஆகஸ்ட் முடியும்வரை மியூட் செய்துவிடுங்கள். எல்லா நாளுக்கும் ஆங்கில வர்ணனை உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இப்போது ஜப்பானிய வர்ணனையே பிடித்துவிட்டது. என்ன சொல்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும் குரல் எந்த இடத்தில் உடைகிறது என்பது தெரிகிறதே.

இன்னொரு யோசனை: எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு நாளும் முதல் பாதியில் டேக் ஆட்டங்கள் (அணியாகச் சேர்ந்து ஆடுபவை) இருந்தால் ஓட்டிவிடலாம். லீக் ஆட்டம் ஐந்து இருந்தால் அதில் மூன்று பாருங்கள். நான் முதல் வருடம் எல்லாவற்றையும் பார்த்து, மூன்றாவது வாரத்தில் யார் முகமும் நினைவில் நிற்காமல் போய்விட்டது.

வடிவத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள், அதுவும் ஒரு தலைவலி. 2022-ல் 28 பேர், நான்கு பிளாக். 2023-ல் 32 பேர், ஆட்ட நேரமும் 20 நிமிடம் ஆனது. ஆள் கூடக் கூட ஒவ்வொரு ஆட்டத்தின் எடையும் குறைந்துபோனது. 2024-ல் மறுபடி 20 பேர், இரண்டு பிளாக், ஒவ்வொன்றிலும் முதல் மூன்று பேர் அடுத்த சுற்றுக்கு. என் வாக்கு இதற்குத்தான். கொரோனா காலத்தில் 2020-லும் 2021-லும் இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போய், ரசிகர்கள் கத்தக் கூடாது, கைதட்ட மட்டும் அனுமதி என்று நடந்தது. அதைத் திரும்பப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

சரி, இளம் ஆட்களுக்கு வருவோம். ஜி1-ஐ வருடக்கணக்கில் பார்ப்பதன் உண்மையான பலன் இதில்தான் இருக்கிறது.

திரையில் ரிங்கைச் சுற்றி விளையாட்டு உடுப்பில் நிற்கும் பையன்களைக் கவனித்திருக்கிறீர்களா? ‘யங் லயன்’ என்பார்கள். டோக்கியோவில் நிறுவனத்தின் பயிற்சிக்கூடத்தில் தங்கி, சமைத்து, கூட்டிப் பெருக்கி, அடி வாங்கி வளர்கிறவர்கள். அவர்கள் ஆட்டம் வந்தால் எல்லோருக்கும் ஒரே கறுப்பு டிரங்க்ஸ், கறுப்பு பூட்ஸ். பறந்து பாயும் வித்தைகளுக்கு இடமில்லை. பிடி, அறை, கடைசியில் குப்புறக் கிடப்பவரின் கால்களைப் பின்னால் வளைக்கும் பாஸ்டன் கிராப். பெரியவர்கள் ஆடும்போது இவர்கள் வேலை வேறு: சண்டை இருக்கைகளுக்குள் இறங்கினால் ஓடிப்போய் ரசிகர்களை விலக்குவது, ஆட்டம் முடிந்ததும் தோற்றவரின் கழுத்தில் ஐஸ் பையை வைத்துத் தோள் கொடுத்து உள்ளே கூட்டிப்போவது. முகத்தில் எதையும் காட்டக் கூடாது. ஆனால் நல்ல ஆட்டம் நடக்கும்போது அந்தப் பையன்களின் கண்ணைப் பாருங்கள். தரைவிரிப்பில் இரண்டு கையையும் ஊன்றி, யார் எங்கே கால் வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சில வருடம் கழித்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும்போது முடி, உடை, பெயர், நடை எல்லாம் மாறியிருக்கும்.

அப்படித் திரும்பி வந்த மூன்று பேரை 2023-ல் ஒரே பிளாக்கில் போட்டார்கள்: ஷோட்டா உமினோ, ரென் நரிட்டா, யோட்டா சுஜி. அடுத்த தலைமுறையின் முப்படை என்று பெரிய விளம்பரம். கடைசியில் அந்த பிளாக்கிலிருந்து மேலே போனது அப்போதைய சாம்பியன் சனாடாவும் ஹிகுலேயோவும். அப்போது ரசிகர்களில் பாதிப்பேர் ஏமாற்றம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் எப்படித் தோற்கிறார் என்று பார்க்க அது நல்ல வருடம்.

நரிட்டா லாஸ் ஏஞ்சலிஸில் கட்சுயோரி ஷிபாட்டாவிடம் பாடம் படித்தவர். குருவின் பாணியை அப்படியே கொண்டுவந்தார், உதை உட்பட. குறை சொல்ல இடமில்லை, ஆனால் தனக்கென்று ஒன்றும் இல்லை. பிறகு ஹவுஸ் ஆஃப் டார்ச்சர் என்ற வில்லன் கூட்டத்தில் சேர்ந்தார். இப்போது தண்டால் எடுக்கும் கம்பியை எதிராளியின் தலையில் அடிக்கிறார். கடும் பயிற்சியின் அடையாளமாக இருந்த பொருளே ஆயுதமாகிவிட்டது. அது எனக்கு ரொம்பப் பிடித்த கிண்டல். அந்தக் கூட்டத்தின் மற்ற வேலைகள், நடுவரைத் தள்ளிவிடுவது, வெளியிலிருந்து ஆள் புகுவது, இதெல்லாம் ஒரே மாதத்தில் பல தடவை வந்தால் சலிப்பாக இருக்கிறது. லீக்கில் ஒரு ஆட்டத்தின் முடிவை நம்ப முடியவில்லை என்றால் புள்ளிப் பட்டியலே வீண்தானே.

உமினோ நடுவர் ரெட் ஷூஸ் உன்னோவின் மகன். உயரம், முகம், ரசிகர்கள் நடுவே நடந்து வரும் நுழைவு எல்லாம் இருக்கிறது. பல வருடம் நிறுவனத்தின் முகமாக இருந்தவர் ஹிரோஷி டனஹாஷி. நிறுவனம் இவரை அடுத்த டனஹாஷியாக ஆக்க முடிவு செய்தது கண்ணுக்குத் தெரிந்தது, அதுதான் பிரச்சினையும். 2025 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் அப்போதைய சாம்பியன் ஜாக் சேபர் ஜூனியருக்கு எதிராக அன்றைய முக்கிய ஆட்டத்தை அவருக்குத்தான் கொடுத்தார்கள். அதற்கு முன்பே அரங்குகளில் கூச்சல் கேட்க ஆரம்பித்திருந்தது. அவர் தோற்றார். ஆட்டம் மோசமில்லை. ஆனால் ஜப்பானிய ரசிகர், தனக்குப் பிடித்தவனைத் தானே கண்டுபிடித்ததாக உணர வேண்டும். ‘இந்தா, இவன்தான் உன் நாயகன்’ என்று கையில் திணித்தால் ஏற்கமாட்டார். டனஹாஷியே ஆரம்பத்தில் கூச்சல் கேட்டு வளர்ந்தவர்தான் என்பதால் உமினோவை நான் இன்னும் கைவிடவில்லை. அவர் கோபப்பட்டு ஆடும் ஐந்து நிமிடங்களுக்காகக் காத்திருக்கிறேன்.

சுஜி கதை வேறு. அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர். 2023-ல் திரும்பிய கையோடு ஜூனில் ஒசாகாவில் சனாடாவிடம் பெல்ட்டுக்கு ஆடித் தோற்றார். அப்படித் தோற்ற ஆளின் முகத்தில் பதற்றமே இல்லை. அன்றே எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த மார்ச்சில் நியூ ஜப்பான் கப் என்ற போட்டியை ஜெயித்தார். அந்த ஆகஸ்டில் ஜி1 இறுதிக்கு வந்து சேபரிடம் பணிந்தார். ஜீன் பிளாஸ்டர் என்று அவர் பெயர் வைத்திருக்கும் ஸ்பியர் (ஓடிவந்து தோளால் மோதிச் சாய்ப்பது) மற்றவர்களுடையதுபோல நேராகப் பாய்வதில்லை. ஒரு கணம் நிற்பார், தோளைத் தளர்த்துவார், எதிராளி நிமிரும்வரை காத்திருப்பார், அப்புறம்தான் ஓட்டம். அந்த நிற்கும் கணத்தில் அரங்கமே அவர் கையில் இருக்கும். மூன்று பேரில் நிறுவனம் குறைவாகப் பிடிவாதம் காட்டியது இவர் விஷயத்தில்; ரசிகர்கள் அதிகமாகப் பிடித்துக்கொண்டதும் இவரைத்தான்.

நிறுவனத்தின் உச்சப் பெல்ட்டை ஒருமுறைகூட வாங்காமல் ரசிகர்கள் மனதில் உட்காரலாம் என்பதற்கு டொமொஹிரோ இஷீ சாட்சி. 2013-ல் ஒசாகாவில் ஷிபாட்டாவுக்கு எதிரான அவருடைய ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ‘உதை’ என்று முதுகைக் காட்டுவார். அடுத்து மற்றவர் உட்காருவார். பெரிய நேரமும் இல்லை, பெரிய வித்தையும் இல்லை. யாரையும் ரசிகராக்க நான் முதலில் அனுப்பும் ஆட்டம் அது.

ஜி1-க்கு வெளியேயும் பார்க்க நிறைய இருக்கிறது. 100 கிலோவுக்குள் இருப்பவர்களுக்கான பெஸ்ட் ஆஃப் த சூப்பர் ஜூனியர்ஸ் மே மாதம் முழுக்க ஓடும். ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்தால் ஜி1-ஐவிட அலுப்பு குறைவு. 2019-ல் வில் ஆஸ்ப்ரேயும் ஷிங்கோ டகாகியும் ஆடிய இறுதி ஆட்டத்துக்காக மட்டுமே ஒரு மாதச் சந்தா கட்டலாம். 2025-ல் அதை 22 வயது கோசெய் ஃபுஜிட்டா ஜெயித்தார். யங் லயனாக இருக்கும்போதே சேபரின் குழுவில் சேர்ந்து, பக்கத்திலேயே நின்று பிடிகளைக் கற்றுக்கொண்ட பையன். அவர் ஒரு கையைப் பிடித்தால் விரல்வரை யோசித்துப் பிடிக்கிறார். ஆல் ஜப்பான் நிறுவனத்தின் சாம்பியன் கார்னிவல் 1973-லேயே தொடங்கிய லீக். அங்கே யூமா அன்சாய் 2024-ல் 24 வயதில் அந்த நிறுவனத்தின் உச்சப் பட்டமான டிரிபிள் கிரவுன் பெல்ட்டை வாங்கினார், அந்தப் பெல்ட்டின் வரலாற்றிலேயே இளையவர். பெண்கள் பக்கம் ஸ்டார்டம் நடத்தும் 5 ஸ்டார் கிராண்ட் பிரியும் லீக்தான். அதை நான் விட்டுவிட்டுத்தான் பார்க்கிறேன், ஆதலால் பெரிய கருத்துச் சொல்ல மாட்டேன்.

நியூ ஜப்பானை விட்டு ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்பது எல்லா ரசிகர்களின் கவலை. ஒமேகா 2019-ல் போனார், ஜே வைட் 2023-ல், ஒக்காடாவும் ஆஸ்ப்ரேயும் 2024-ல், நைட்டோ 2025-ல். டனஹாஷி 2026 ஜனவரி 4 அன்று ஒக்காடாவுடன் ஆடி விடைபெற்றார். 2025 ஜி1-ஐ ஈவிலை வீழ்த்தி ஜெயித்த கொனொசுகே டகேஷிட்டாவோ ஒரே சமயத்தில் மூன்று நிறுவனங்களின் ஆள். வீட்டுப் பிள்ளை ஜெயிக்கவில்லையே என்று புலம்பியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புலம்பல் புரிகிறது, உடன்பாடில்லை. அவர் அந்த மாதம் ஆடிய ஆட்டங்களைவிட நன்றாக வேறு யாரும் ஆடவில்லை.

புதிதாக வருகிறவர்கள் ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டு தொடங்க வேண்டுமென்றால் போல்டின் ஒலெக்கைச் சொல்வேன். கஜகஸ்தானில் பிறந்து, அமெச்சூர் மல்யுத்தத்திலிருந்து வந்து, 2023-ல் அறிமுகமாகி, மறு வருடமே ஜி1-க்குள் நுழைந்தவர். எதிராளியைத் தூக்கிக் குலுக்கும்போது அரங்கமே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு எந்த வருடம் நின்றுபோய் பயமாக மாறும் என்றுதான் நான் ஜூலைதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.