டெவ்ஆப்ஸை விளக்க: கருவிப் படமா, நான்கு எண்களா?

போன வருடம் ஒரே வாரத்தில் இரண்டு கூட்டங்களில் டெவ்ஆப்ஸ் (மென்பொருளை எழுதுகிறவர்களும் அதை சர்வரில் ஓட்டுகிறவர்களும் சேர்ந்து வேலை செய்யும் முறை) பற்றிப் பேச வேண்டி வந்தது. முதலாவது நிதி, விற்பனைப் பிரிவுகளுக்கு. அடுத்தது டெவலப்பர்களுக்கும் சர்வர் குழுவுக்கும். இரண்டு வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. எட்டைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு வளையம், அதைச் சுற்றி, கோடைச் சேமிக்கவும் ரிலீஸ் செய்யவும் ஓட்டவும் உதவும் கிட், ஜெங்கின்ஸ், டாக்கர், குபெர்னெட்டிஸ் கருவிகளின் லோகோக்கள். டெவலப்பர்களுக்குப் பத்து நிமிடத்தில் புரிந்தது. நிதித் தலைவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சரி தம்பி, இதையெல்லாம் வாங்க எவ்வளவு ஆகும்?" ஜெங்கின்ஸ் இலவசம் என்றேன். அவர் சந்தேகம் கூடியதுதான் மிச்சம்.

இரண்டாவது வழி, டோரா என்ற டெவ்ஆப்ஸ் ஆய்வுக் குழு பிரபலமாக்கிய நான்கு அளவீடுகள். எவ்வளவு அடிக்கடி ரிலீஸ் செய்கிறோம், கமிட் ஆன (எழுதிப் பதிவு செய்த) கோடு புரொடக்‌ஷனுக்குப் (பயனர்களிடம்) போக எவ்வளவு நேரம், எத்தனை சதவீத ரிலீஸ் சொதப்புகிறது, சொதப்பினால் மீள எவ்வளவு நேரம். எழுதி முடித்த கோடு வாரக்கணக்கில் காத்துக் கிடப்பது குடோனில் சரக்கு தேங்குவது மாதிரி என்றதும் நிதித் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எண்கள் மட்டும் வறட்சியாக இருக்கும் என்பதால் இரண்டு கூட்டங்களிலும் நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையைச் சொன்னேன். புதிய கோடைக் கையால் ஏற்றியபோது எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் அது ஏறாமல் விட்டுப்போனது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அதில் கிடந்த பழைய கோடு உயிர்பெற்றுப் பங்குகளை வாங்கி விற்றுத் தள்ள, சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நட்டம். கையால் டெப்ளாய் செய்வதில், அதாவது சர்வரில் ஏற்றுவதில், என்ன ஆபத்து என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆனால் நான் எண்கள் பக்கம் சாய்ந்ததற்கு உண்மையான காரணம் பராமரிப்பு. கருவிப் படம் சீக்கிரம் ஊசிப்போகும். நாங்கள் ஜெங்கின்ஸை விட்டு, அதே வேலையைச் செய்யும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு மாறிய பிறகும் பழைய ஸ்லைடு சுற்றிக்கொண்டே இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இல்லாத ஜெங்கின்ஸ் சர்வரை அரைநாள் தேடினான். நான்கு எண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கருவி எது மாறினாலும் தலைப்புகள் அப்படியே இருக்கும். கிட் வரலாறு, டெப்ளாய் பதிவு, பிரச்சினை டிக்கெட்டுகள் மூன்றையும் வைத்து மாதம் அரைமணி நேரத்தில் புதுப்பித்துவிடுகிறேன்.

ஒரே ஒரு வேலை முதலில் இருக்கிறது: எதைச் சொதப்பல் என்று எண்ணுவது? ரோல்பேக் செய்தால் (பழைய பதிப்புக்கே திரும்பினால்) கணக்கில் வரும், சரி. நள்ளிரவில் ஒருவர் எழுந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தால்? வரும் என்றது சர்வர் குழு, வராது என்றார்கள் டெவலப்பர்கள். வேறு இரண்டு கூட்டங்கள் அதிலேயே போயின. டெவ்ஆப்ஸ் என்றால் என்ன என்று என் ஸ்லைடுகளை விட அந்தச் சண்டைதான் நன்றாக விளக்கியது என்று இப்போது தோன்றுகிறது. கடைசியில் அதையும் எண்ணுவது என்றே முடிவானது.

எங்களுடையது சின்னக் குழு. ஒவ்வொரு ரிலீஸுக்கும் பல கையெழுத்துகள் வேண்டிய வங்கி மாதிரி இடத்தில் நான் இதை முயன்றதில்லை. தனிநபர் அப்ரைசலில் மட்டும் இந்த எண்களைச் சேர்க்க வேண்டாம். எண்ணுக்காகவே வேலை செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

கருவிப் படத்தை முழுசாக விடவும் இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் அதை மார்க்கரால் போர்டில் வரைந்து காட்டுகிறேன். பேசி முடித்ததும் அழித்துவிடுவேன்.